40 ஓமா, 529 ஓமா? ஒரு குண்டு பல்பின் கணக்கு

பிளஸ் டூ படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வாங்கி வைத்திருந்த 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்து பார்த்தாராம். 40 ஓம் காட்டியது. புத்தகத்தில் உள்ளபடி கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது. மீட்டர் கெட்டுப்போய்விட்டதா, சூத்திரம் தப்பா என்பது அவருடைய கேள்வி.

மீட்டரும் கெடவில்லை, சூத்திரமும் தப்பில்லை. இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். தேர்வுக்காகக் கணக்குப் போடுகிறவர்கள் 529 என்று எழுதி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த எண்ணை நிஜப் பல்பில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறவர்கள் குறைவு.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் திறன். வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம். வோல்ட் × ஆம்பியர் = வாட். இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு வரும்: ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினாலும் வாட்தான், வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தாலும் வாட்தான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 100 வாட் பல்பு என்றால் 100 ÷ 230, அதாவது 0.435 ஆம்பியர். 230 ÷ 0.435 போட்டால் 529 ஓம். இதில் தப்பு எதுவும் இல்லை.

மீட்டர் மேல் சந்தேகம் இருந்தால் அதே மீட்டரால் வீட்டு அயர்ன் பாக்ஸையும் அளந்து பார்க்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பிளக்கின் இரண்டு மின் பின்களுக்கும் நடுவே அளக்க வேண்டும். 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குக் கணக்கு சொல்வது 52.9 ஓம். மீட்டரும் ஏறத்தாழ அதையேதான் காட்டும். ஆக, அயர்ன் பாக்ஸில் கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகின்றன; பல்பில் மட்டும் 13 மடங்கு வித்தியாசம்.

காரணம் வெப்பம். மல்டிமீட்டரும் உள்ளே வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கிற அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது தன் சின்ன பேட்டரியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பித்தான் அளக்கிறது. பல்பின் இழை அதில் சூடாவதே இல்லை. நீங்கள் அளந்தது அறை வெப்பநிலையில் இருக்கும் இழையை. கணக்கில் வந்த 529 ஓம், சுமார் 2,400 டிகிரி செல்சியஸில் வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கும் இழையுடையது. ஒரே கம்பிதான், இரண்டு நிலைகள், இரண்டு மின்தடைகள்.

அப்படியானால் சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் பல்பின் மின்தடை 40 ஓம்தானே என்று அடுத்த கேள்வி வர வேண்டும். ஆமாம். 230 ÷ 40 என்றால் 5.75 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,300 வாட்டைத் தாண்டுகிறது! 100 வாட் என்று அச்சடித்த பல்பு, எரியத் தொடங்கும்போது ஓர் அயர்ன் பாக்ஸைவிட அதிகமாக மின்சாரத்தை இழுக்கிறது. மாறுதிசை மின்னோட்டத்தில் 230 என்பது ஒருவகைச் சராசரிதான். அலையின் உச்சி 325 வோல்ட். அந்த உச்சியில் சுவிட்ச் போட்டுவிட்டால் 8 ஆம்பியர். இழை மெல்லியது, எடை மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும் என்பதால் மளமளவென்று சூடேறி, ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்குள் 0.435 ஆம்பியருக்கு வந்து அடங்கிவிடுகிறது. வீட்டு மின்மானியில் இதன் தடம்கூடத் தெரியாது.

சூடானால் உலோகத்தின் மின்தடை ஏன் கூடுகிறது? மின்னழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும் என்ற ஓமின் விதியைப் பத்தாம் வகுப்பில் படித்துவிடுகிறோம். அந்த விதிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது இயற்பியலாளர்களுக்கே நூறு ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவாகியது.

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் சும்மா நிற்பதில்லை. மின்சாரமே பாயாத செம்புக் கம்பியில்கூட அவை நொடிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறந்துகொண்டிருக்கின்றன. எல்லாத் திசைகளிலும் என்பதால் நிகரமாக எங்கும் போய்ச் சேர்வதில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் அந்தப் பரபரப்பின் நடுவே ஒரு பக்கமாகச் சிறு நகர்வு உண்டாகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அந்த நகர்வின் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நத்தை இதைவிட எவ்வளவோ வேகம். அந்த நகர்வைத் தடுப்பது எதுவோ அதுதான் மின்தடை.

அணுக்கள் வழியில் நிற்கின்றன, எலக்ட்ரான்கள் அவற்றின் மேல் மோதுகின்றன என்றுதான் 1900-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பால் ட்ரூட் விளக்கினார். பள்ளிப் புத்தகங்களில் இன்னும் அந்தப் படம்தான் இருக்கிறது. படம் பாதிதான் சரி. 1928-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இயற்பியலாளர் ஹைசன்பர்கிடம் ஆய்வு மாணவராக இருந்த ஃபெலிக்ஸ் பிளாக், எலக்ட்ரானை அலையாக வைத்துக் கணக்குப் போட்டார். வந்த விடை யாருக்கும் ஆச்சரியம் தருவது. அணுக்கள் சரியான ஒழுங்கில், அசையாமல் அடுக்கப்பட்டிருந்தால் எலக்ட்ரான் அலை அவற்றினூடே எந்தத் தடையும் இல்லாமல் போய்விடும். கோடானு கோடி அணுக்கள் வழியில் இருந்தும் தடை பூஜ்யம். அணுக்கள் இருப்பதால் வருவதல்ல மின்தடை. அவற்றின் ஒழுங்கு குலைவதால் வருவது.

கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இலைக்கு நேராக, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சாம்பார் வாளிக்காரர் இரண்டு வரிசைக்கு நடுவே ஓட்டமாகவே போய்விடுவார். பந்தியில் நூறு பேர் என்றாலும் ஆயிரம் பேர் என்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஆளாளுக்கு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தால்தான் இடிபடுவார். அணுக்களின் அந்த ஆட்டம்தான் வெப்பம். வெப்பநிலை கூடக் கூட அணுக்கள் தங்கள் இடத்திலேயே அதிகமாக அதிர்கின்றன, எலக்ட்ரான்கள் அதிகமாகச் சிதறுகின்றன, மின்தடை கூடுகிறது. பல்பின் இழை செய்யப்படும் டங்ஸ்டன் உலோகத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.45 சதவீதம். 2,400 டிகிரி ஏறினால் இந்த எளிய கணக்கில் கிட்டத்தட்ட 12 மடங்கு. உயர்ந்த வெப்பநிலையில் அந்தக் கோடு கொஞ்சம் மேலே வளைவதால் நிஜத்தில் 13-ஐ ஒட்டி வருகிறது. நம் வாசகரின் 529-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், அதேதான்.

அயர்ன் பாக்ஸ் ஏன் இப்படிச் செய்யவில்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது நைக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்த கலவை, 1900-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அதில் இரண்டு வகை அணுக்கள் கலைந்து கிடக்கின்றன. சூடாக்குவதற்கு முன்பே அங்கே ஒழுங்கு கிடையாது, உட்கார்ந்த விதமே தாறுமாறான பந்தி அது. வெப்பத்தால் வரும் கூடுதல் ஆட்டம் அங்கே பெரிய வித்தியாசம் செய்வதில்லை. செக்கச்சிவந்து எரிந்தாலும் மின்தடை சில சதவீதம்தான் கூடும். ஹீட்டர், கெய்சர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றிலும் மீட்டர் காட்டும் எண்ணை நம்பிக் கணக்குப் போடலாம். குண்டு பல்பில் கூடாது.

ஆசிரியர்களிடம் வருடம் தவறாமல் வரும் இன்னொரு கேள்வியையும் இங்கேயே இழுத்துக்கொள்கிறேன். மின்தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா? ஆம்பியரின் வர்க்கம் × ஓம் என்ற சூத்திரத்தைப் பார்த்தால் கூடும். வோல்ட்டின் வர்க்கம் ÷ ஓம் என்பதைப் பார்த்தால் குறையும். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வடிவங்கள் என்கிறார்கள், ஆனால் எதிரெதிராகச் சொல்கின்றனவே?

எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்தது. மின்னழுத்தம் மாறாமல் இருக்கும் இடத்தில் மின்தடை கூடினால் வெப்பம் குறையும். மின்னோட்டம் மாறாமல் இருக்கும் இடத்தில் மின்தடை கூடினால் வெப்பம் கூடும். குண்டு பல்பில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதன் ஆயுளும் சாவும் இதில்தான் இருக்கின்றன.

பல்பை முழுதாகப் பாருங்கள். அதன் இரண்டு முனைகளுக்கும் 230 வோல்ட். அதை மின்வாரியம் பார்த்துக்கொள்கிறது. இழை கொஞ்சம் அதிகமாகச் சூடாகிவிட்டால் மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும், திறன் குறையும், இழை ஆறும். அதிகம் ஆறிவிட்டால் மின்தடை குறைந்து மின்னோட்டம் ஏறி மறுபடி சூடாகும். போதாததற்கு, சூடான பொருள் வெளியே வீசும் கதிர்வீச்சு அதன் தனிவெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் வெப்பநிலையின்) நான்காம் படியில் ஏறுகிறது. அந்த வெப்பநிலை இரட்டித்தால் வெளியேறும் ஆற்றல் 16 மடங்கு. இப்படி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் இழை 2,400 டிகிரியில் தானாக நிலைகொள்கிறது. உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, ஐசி இல்லை, எதுவும் இல்லை. வெறும் ஒரு சுருள் கம்பி! எல்இடி பல்புகளை விலைக்கு விற்கும் இந்தக் காலத்திலும் எனக்கு இந்தக் கம்பியின் மேல் உள்ள மரியாதை குறையவில்லை. எல்இடிக்கு இந்தக் குணம் கிடையாது. சூடானால் அது இன்னும் அதிகமாக மின்னோட்டத்தை இழுக்கப் பார்க்கும். அதைக் கட்டுப்படுத்தத்தான் அடியில் டிரைவர் என்றொரு சின்ன சர்க்யூட் வைக்கிறார்கள். பெரும்பாலான எல்இடி பல்புகளில் முதலில் செத்துப்போவதும் அந்த டிரைவர்தான்.

இப்போது இழையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும்; பழைய பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்திருப்பது அதனால்தான். எங்கோ ஓரிடத்தில் கம்பி மற்ற இடங்களைவிட மெலிந்துவிடுகிறது. அந்தப் புள்ளியில் பாயும் மின்னோட்டத்தை முடிவு செய்வது அந்தப் புள்ளி அல்ல, மீதி இழை முழுவதும் சேர்ந்து. ஆக அங்கே மின்னோட்டம் மாறாது. மின்தடை மட்டும் கூடுதல். கூடுதல் மின்தடை கூடுதல் வெப்பம், கூடுதல் வெப்பம் கூடுதல் மின்தடை, கூடவே கூடுதல் ஆவியாதல், அதனால் இன்னும் மெலிவு. பல்பு முழுவதையும் காப்பாற்றிய அதே குணம் இந்த ஒரு புள்ளியைக் கொல்கிறது. சுவிட்ச் போடும் கணத்தில் வழக்கத்தைவிட 13 மடங்கு மின்னோட்டம் பாய்கிறது அல்லவா, மெலிந்த இடம் மற்ற இடங்களுக்கு முன்பே உருகுநிலையான 3,422 டிகிரியைத் தொட்டுவிடும். குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று ஒரு மின்னல் மின்னிப் போவதுதான் அதிகம் என்பது இதனால்தான்.

இதே கணக்குதான் பிளக் பாயின்ட் கருகுவதற்கும். 2,000 வாட் கெய்சர் 8.7 ஆம்பியர் இழுக்கும். பிளக் பின் சாக்கெட்டில் லூசாக உட்கார்ந்து, அங்கே அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கெய்சரின் 26 ஓமுக்கு முன்னால் அரை ஓம் ஒன்றுமே இல்லை, மின்னோட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 8.7 × 8.7 × 0.5 என்றால் 38 வாட். சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குவது 25 வாட்டில்! அதைவிட அதிக வெப்பம் ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள், பின்னின் நுனியில். லூஸ் கனெக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஓம் இந்த வம்பில் எல்லாம் மாட்டிக்கொள்ளவில்லை. கெயோர்க் சைமன் ஓம் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன், கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். 1820-களில் அவர் கம்பிகளைச் சோதிக்கும்போது வோல்டா மின்கலத்தின் அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே இருந்தது. பொகெண்டார்ஃப் என்பவர் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் கிடைக்கும் மிகச் சிறிய, ஆனால் அசையாத மின்னழுத்தத்தைப் பயன்படுத்தினார். ஆம்மீட்டர் கிடையாது, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துத்தான் அளந்தார். மின்னழுத்தம் சிறியது என்பதால் கம்பி சூடாகவில்லை, விதியும் நேர்கோடாக வந்தது. 1827-இல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. அதே 1841-இல்தான் மதுபான ஆலை முதலாளியின் மகனான ஜூல், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் மின்தடைக்கும் ஏற்ப வெப்பம் வருகிறது என்று எழுதினார்.

ஓமின் விதிக்கு 'வெப்பநிலை மாறாதபோது' என்றொரு நிபந்தனை உண்டு. புத்தகத்தில் அது ஒரு வரியாக இருக்கும், மனப்பாடம் செய்யும்போது முதலில் உதிர்ந்துவிடுவதும் அந்த வரிதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து மின்தடை காண்பது எந்தப் பொருளுக்கும், எந்தக் கணத்திலும் செல்லும். அந்த விடை அடுத்த கணத்திலும் அப்படியே இருக்கும் என்பதுதான் எல்லாப் பொருளுக்கும் செல்லாது.

இந்தக் குறையையே ஒரு கருவியாக்கலாம். 2,400 டிகிரியை எந்தத் தெர்மாமீட்டரை விட்டு அளப்பது? மூடிய கண்ணாடிக்குள் விடவும் முடியாது. ஒரு வோல்ட்மீட்டர், ஒரு ஆம்மீட்டர் போதும். எரியும்போது உள்ள மின்தடையைக் கணக்கிட்டு, ஆறியபோது உள்ள மின்தடையால் வகுத்தால் டங்ஸ்டன் அட்டவணையிலிருந்து வெப்பநிலை வந்துவிடும். தொழிற்சாலைகளில் பாய்லருக்கும் பால் பதப்படுத்தும் தொட்டிக்கும் இதே தத்துவத்தில் பிளாட்டினம் கம்பியை வைக்கிறார்கள். பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். நடுவில் எந்த ஓம் வந்தாலும் வெப்பநிலை தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கம் போனால்? ஆற்றிக்கொண்டே போனால் மின்தடை எங்கே போய் நிற்கும் என்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு பெரிய சண்டையே நடந்தது. பூஜ்யத்துக்குப் போகும் என்றார்கள் சிலர், ஓரிடத்தில் நின்றுவிடும் என்றார்கள் சிலர். கெல்வின் பிரபு, கடுங்குளிரில் எலக்ட்ரான்களே உறைந்துபோய் மின்தடை திரும்ப ஏறும் என்று நினைத்தார். நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்தின் காமர்லிங் ஓனஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கி, 1911-இல் தூய்மையான பாதரசத்தை அதில் குளிர்வித்துப் பார்த்தார். மைனஸ் 269 டிகிரிக்குப் பக்கத்தில் மின்தடை திடீரென்று மறைந்தே போனது. யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. இன்று எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் இருக்கும் காந்தச் சுருளில் மின்தடை இல்லாமல் மின்சாரம் சுற்றிக்கொண்டிருப்பது அந்த வழியில் வந்தது. குளிர வைத்து மின்தடை அளப்பதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று 1908-இல் ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் நேர்மையான பதில் 'தெரியாது' என்பதுதான். நம் நாட்டில் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குப் போவதில்லை. போகும் பணத்துக்கும் உடனே பயன் என்ன என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எனக்குக் கோபம் வரும் இடம் இது. சரி, பல்புக்கு வருவோம்.

சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். நைக்ரோம் போட்ட 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை மாறாது. 180-இன் வர்க்கத்தை 52.9-ஆல் வகுத்தால் 612 வாட். 100 வாட் பல்பும் அதே விகிதத்தில் 61 வாட்டுக்கு வர வேண்டும். வராது. இழை கொஞ்சம் ஆறி மின்தடை குறைவதால் ஏறத்தாழ 68 வாட் இழுக்கும். பரவாயில்லையே என்று மகிழ வேண்டாம், வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருக்கும். ஆறிய இழையின் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். மஞ்சளாக மங்கும் பல்பு, காசுக்கு மிகக் குறைவான வெளிச்சம் தரும் பல்பு.

40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடர் இணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும் என்பது எல்லா நுழைவுத் தேர்விலும் வரும் கேள்வி. 40 வாட் என்பது சரியான விடை. எவ்வளவு என்று கேட்டால்தான் சிக்கல். புத்தக முறையில் 1,322 ஓம், 529 ஓம் என்று போட்டால் 40 வாட் பல்புக்கு 164 வோல்ட், சுமார் 20 வாட் என்று வரும். நிஜத்தில் 100 வாட் பல்பு சரியாகச் சூடாகாமலே கிடப்பதால் அதன் மின்தடை வெகுவாகக் குறைந்துபோய், மின்னழுத்தத்தில் பெரும்பகுதியைச் சின்ன பல்பிடமே விட்டுவிடும். 40 வாட் பல்புக்கு 190 வோல்ட்டை ஒட்டிக் கிடைத்து, 30 வாட்டுக்குப் பக்கத்தில் எரியும். பெரிய பல்பில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் உண்டு.

இந்த வித்தையை யாரும் சொல்லித்தராமலே தினமும் பயன்படுத்துகிறவர்கள் நம் ஊர் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்கள். ஃபேனையோ மிக்ஸியையோ சரிசெய்ததும் நேரடியாக மின்சாரத்தில் கொடுக்க மாட்டார்கள். சுவரில் ஒரு சீரீஸ் போர்டு இருக்கும். ஒரு குண்டு பல்பு வழியாகத்தான் மின்சாரம் மிக்ஸிக்குப் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும். 100 வாட் பல்பு என்றால், இழை சூடேறும் அந்தக் கணம் தவிர 0.435 ஆம்பியருக்கு மேல் போகாது, ஃபியூஸும் போகாது, புதுக் காயிலும் கருகாது. ஷார்ட் இல்லையென்றால் பல்பு மங்கலாகவோ, எரியாமலோ இருக்கும்.

பல்புக்குப் பதில் 529 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினாலும் ஷார்ட்டில் இதே பாதுகாப்புதானே என்று கேட்கலாம். ஆனால் நல்ல சாமானைச் சோதிக்கும்போது வித்தியாசம் தெரியும். 25 வாட் சால்டரிங் அயர்னை 529 ஓம் வழியாகக் கொடுத்தால் அதற்கு 184 வோல்ட்தான் மிஞ்சும். பல்பு வழியாகக் கொடுத்தால், 0.1 ஆம்பியரில் பல்பு அவ்வளவாகச் சூடாகாமல் நூற்றைம்பது இருநூறு ஓமில் இருக்கும்; அயர்னுக்கு 210 வோல்ட்டாவது போய்ச் சேரும். தேவையில்லாதபோது ஒதுங்கி நிற்கும், ஆபத்து வந்தால் தானாகவே குறுக்கே வரும். ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: சீரீஸ் போர்டு காயிலைக் காப்பாற்றும், கை வைத்தவரைக் காப்பாற்றாது. 0.435 ஆம்பியர் ஓர் ஆளைக் கொல்வதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகம்.

அமெரிக்காவில் வில்லியம் ஹியூலெட் 1939-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்ததும் அடிப்படையில் இதுதான். சீரான ஒலி அலை தரும் ஆசிலேட்டரில் அலையின் உயரம் ஒன்று கூடிக்கொண்டே போகும், அல்லது செத்துவிடும். அதை ஒரே உயரத்தில் நிறுத்திவைக்க அவர் சர்க்யூட்டில் ஒரு சின்ன இழை பல்பைப் போட்டார். அலை உயர்ந்தால் இழை சூடாகி மின்தடை கூடி அதை அடக்கும், தாழ்ந்தால் விட்டுக்கொடுக்கும். ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் முதல் தயாரிப்பு அந்தக் கருவிதான்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்று மேலே சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. பல்பு, ஹீட்டர் போன்றவற்றுக்கு அது அப்படியே செல்லும். ஃபேன், மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதில்லை, சற்றுப் பின்தங்கி வரும். தனித்தனியாக மீட்டரில் அளந்து பெருக்கினால் வரும் எண், உண்மையில் செலவாகும் வாட்டைவிட அதிகமாக இருக்கும். வீட்டு மின்மானி அந்தப் பெரிய எண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை. கணத்துக்குக் கணம் பெருக்கிக் கூட்டி, உண்மையான வாட்டைத்தான் யூனிட்டாக்குகிறது. பிளக்கில் மாட்டினால் கரன்ட் பில் பாதியாகும் என்று விற்கிறார்களே ஒரு சின்னப் பெட்டி, அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் பச்சையாக எரிய ஒரு எல்இடியும் இருக்கும். கெப்பாசிட்டர் அந்தத் தாளத்தைக் கொஞ்சம் சரிசெய்யும், கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் குறைவதையும் காட்டுவார்கள். வாட் குறையாது, பில்லும் குறையாது. எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டாலும் பில்லில் அதே பலன்தான், விலையாவது மிச்சம்.

கேள்வி கேட்ட மாணவருக்குக் கடைசியாக ஒன்று. 230 வோல்ட்டில் இதைச் சோதிக்க வேண்டாம். 6 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, 1.5 வோல்ட் பேட்டரி நான்கு, இரண்டு மல்டிமீட்டர்கள் போதும். ஒரு மீட்டரைத் தொடரிலும் இன்னொன்றைப் பல்புக்கு இணையாகவும் போட்டு, பேட்டரியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வோல்ட்டையும் ஆம்பியரையும் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். ஓமை வாட்டுக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால், நேராகப் படுக்க வேண்டிய கோடு தொடக்கத்தில் சரசரவென்று ஏறிப் பிறகு வளைவதைப் பார்க்கலாம். ஆறிய இழையை ஓம் ரேஞ்சில் தனியாக அளந்து, பூஜ்யம் வாட்டுக்கு நேராக வையுங்கள். அது இரண்டு மூன்று ஓம்தான் இருக்கும் என்பதால் மீட்டர் ஒயரின் மின்தடையே கணக்கைக் கெடுத்துவிடும். அளப்பதற்கு முன்பு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வரும் எண்ணைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.